மாதவிக்கு வளர்த்த பத்தியக் கோழிகள்

சிவநேசனைக் கிள்ளான் பக்கத்து மேரு தொழிற்பேட்டையில் தெரியாதவர்கள் குறைவு. ஆணி, போல்ட், குழாய்ச் சாமான்கள் அடுக்கிய பெரிய கிடங்கு ஒன்றில் ஸ்டோர் சூப்பர்வைசர். வயது ஐம்பத்தெட்டு. போர்க்லிப்ட் ஓட்டுகிறவன் ஒரு பெட்டியைக் கோணலாக வைத்துவிட்டால் போதும், இந்தக் கோடியில் இவர் போடுகிற சத்தத்தில் அந்தக் கோடியில் நிற்கும் லோரிக்காரன் கையிலிருக்கும் தேத்தண்ணியைக் கொட்டிக்கொள்வான். அப்பேர்ப்பட்ட மனுஷனுக்குப் பெற்ற பெண்ணிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேச வராது என்று சொன்னால் நம்புவீர்களா? நம்பித்தான் ஆகவேண்டும். நடந்த கூத்துக்கெல்லாம் அதுதான் காரணம்.

அந்த வீட்டுக்கு வாய் என்று ஒன்று இருந்ததென்றால் அது அவர் மனைவி தாமரையுடையது. மாதவி பள்ளிக்கூடச் சுற்றுலாவுக்குப் போகவேண்டுமா? "அம்மாகிட்ட கேளு." யுனிவர்சிட்டியில் எதை எடுத்துப் படிப்பது? "அம்மா என்னா சொல்றா?" பெண் ஒருத்தனை விரும்புகிறாள் என்ற சேதிகூடத் தாமரை வழியாகத்தான் அவர் காதுக்கு வந்தது. சம்மதமும் தாமரை வழியாகத்தான் திரும்பிப் போனது. மாதவிக்குக் கல்யாணமான மறுவருஷம் தாமரை கண்ணை மூடினாள். ஒரே பெண், ஒரே அப்பா, நடுவில் பேச ஆளில்லை.

மாதவி பிரிக்பீல்ட்ஸில் ஒரு கொண்டோவில் இருக்கிறாள். வேலை கே.எல். சென்ட்ரல் பக்கம் ஓர் இன்சூரன்ஸ் கம்பெனியில். மாப்பிள்ளை கிஷனுக்குக் கம்ப்யூட்டர் வேலை, பாதி வாரம் சிங்கப்பூரில் கழியும். சிவநேசன் மேருவில், தாமரை ஆசைப்பட்டு வாங்கிய கார்னர் லாட் வீட்டில் தனியாக. தினமும் வாட்ஸ்அப்பில் பேச்சு உண்டு. "சாப்ட்டீங்களாப்பா?" "சாப்ட்டேன்." "ஓகேப்பா." "ஓகே." இதற்குப் பேர் பேச்சாம்.

அப்படி ஓர் "ஓகே"க்குப் பிறகுதான் ஒருநாள் ஸ்கேன் படம் வந்தது. கீழே, "அப்பா, நீங்க தாத்தா ஆகப் போறீங்க." சிவநேசன் கிடங்கில் இரண்டு ராக்குகளுக்கு நடுவில் நின்றுகொண்டிருந்தார். கண் நிறைந்துவிட்டது. மூக்கைத் துடைத்துக்கொண்டு எழுதினார், அழித்தார். மறுபடி எழுதினார், மறுபடி அழித்தார். கடைசியில் அனுப்பியது என்ன தெரியுமா? கட்டைவிரல்! தலைப்பிள்ளை உண்டாகியிருக்கிறாள் மகள், அப்பன்காரர் கட்டைவிரலைத் தூக்கிக் காட்டுகிறார். அடப்பாவி மனுஷா என்று தாமரை இருந்திருந்தால் தலையில் குட்டியிருப்பாள்.

ஆனால் அந்தக் கட்டைவிரலுக்குப் பின்னால் பெரிய யோசனை ஓடிக்கொண்டிருந்தது. தலைப்பிரசவம் தாய்வீட்டில்தான். வளைகாப்பு முடிந்ததும் பெண்ணை அழைத்து வந்து, பிள்ளை பிறந்தபின் பச்சை உடம்பு தேறும்வரை வைத்துப் பார்த்து அனுப்பவேண்டும். நல்லெண்ணெயும் பூண்டும் மிளகும் போட்டுக் கோழிக்குழம்பு ஆக்கித் தரவேண்டும். அதுவும் எந்தக் கோழி? ஊசி போட்டு ஊதவைத்த கோழியா? முட்டையிடத் தொடங்காத வெடக்கோழி, மண்ணைக் கிளறித் தின்று வளர்ந்ததாக இருக்கவேண்டும். மாதவி பிறந்தபோது தாமரை அதற்கு எவ்வளவு ஆலாய்ப் பறந்தாள் என்பது அவருக்கு நினைவிருந்தது. இப்போது குஞ்சு வாங்கி விட்டால் அங்கே பிள்ளை பிறக்கிற சமயம் இங்கே கோழி பதமாக இருக்கும். கிடங்குக்காரர் கணக்கு, தப்பாது.

சனிக்கிழமை மேரு பாசார் சந்தைக்குப் போய்க் கம்பத்து நாட்டுக் கோழிக்குஞ்சுகள் வாங்கினார். "எல்லாம் பொட்டையா?" என்று கேட்டதற்குக் கடைக்காரர், "இந்த சைஸ்ல சாமிக்கே தெரியாது பாஸ்," என்று அட்டைப்பெட்டியை நீட்டிவிட்டார். கிடங்கில் தூக்கிப்போட்ட பேலட் பலகைகளை அறுத்து வீட்டுப் பக்கவாட்டில் கூண்டு அடித்தார். வாழ்க்கையில் ஓர் அலமாரிகூட நேராக அடித்திராத கை. கூண்டு ஒரு பக்கம் சாய்ந்துதான் நின்றது.

பக்கத்து வீட்டு ஜுபைதாவுக்குக் கிள்ளானில் துணிக்கடை. காலையில் போனால் விளக்கு வைத்தபிறகுதான் வருவாள். காரை எடுக்கும்போது வேலிக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை விடாமல் போகமாட்டாள்.

"என்னாண்ணே, கோழிக்கு வீடு கட்டியாச்சு, ஏர்கான் எப்ப மாட்டப் போறீங்க?"

"போலா, வேலைக்கு நேரமாச்சு."

"யாருக்குண்ணே இவ்வளோ கோழி? நீங்க ஒத்தாளு, ரொட்டி சானாய் தின்னுட்டுப் படுக்கிற ஆளு."

"மாதவி வருது, புள்ள பெக்க," என்றார். சொல்லும்போதே முகம் சிவந்துவிட்டது.

கோழி வளர்ப்பதைச் சும்மா விளையாட்டு என்று நினைக்கிறவர்கள் வளர்த்துப் பார்க்கட்டும். வேலைக்குப் போவதற்கு முன் தண்ணீர் மாற்றி, தீவனம் வைத்து, எச்சம் அள்ளிக் கொட்டவேண்டும். மழையில் நனைந்து சில குஞ்சுகள் விறைத்துப் போயின. ஒன்றைக் காக்கை தூக்கியது. சாக்கடை வழியாக வந்த பியாவாக் உடும்பு ஒன்று, நல்ல கை நீளம், பட்டப்பகலில் ஒரு குஞ்சை விழுங்கிவிட்டு வெயில் காய்ந்தது. சிவநேசன் விளக்குமாற்றோடு துரத்திக்கொண்டு பின்சந்து முழுக்க ஓடினார். வளர்ந்ததில் சில சேவலாகப் போய்விட்டன. அவை விடியுமுன் கூவத் தொடங்க, தாமான் குடியிருப்பின் வாட்ஸ்அப் குழுவில் ஆளாளுக்கு அலாரம் படம் போட்டார்கள். சேவல்களைக் கிடங்கு பையன்களிடம் கொடுத்துவிட்டார். தேறியவை ஆறு பெட்டைகள்.

தின்னப்போகிற கோழிக்கு யாராவது பேர் வைப்பார்களா? வைக்கவில்லை. ஆனால் பேசினார். வேலை முடிந்து வந்து, சட்டையைக் கூட மாற்றாமல், கூண்டுக்கு முன் ஒரு பிளாஸ்டிக் முக்காலியைப் போட்டு உட்கார்ந்து, முட்டைக்கோஸ் இலையைக் கிள்ளிப் போட்டுக்கொண்டே பேசுவார். "கீழ் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சாச்சு. படி ஏறக்கூடாதுல்ல. குளியலறைக்கு ஹீட்டர் போட்டுட்டேன். வழுக்காத பாய் வாங்கியாச்சு. புள்ள பெத்தவங்களுக்குத் தண்ணி ஊத்துற மாரியாயி அக்கா, நானே வர்றேன்னுச்சு. தொட்டில் மட்டும் மாதவி வந்து பாத்து வாங்கட்டும், என்னா கலர் புடிக்குமோ." இத்தனையும் கோழிகளுக்குத் தெரியும். மாதவிக்கு மட்டும் தெரியாது.

மாதவிக்கு அவர் அனுப்பியதெல்லாம் படம்தான். ஞாயிற்றுக்கிழமை தவறாமல் கோழிகளைப் படம் எடுத்து அனுப்புவார். கோழி மண் கிளறுவது, கோழி தண்ணீர் குடிப்பது, கோழி சும்மா நிற்பது. மாதவி சிவப்பு இதயம் ஒன்றைத் திருப்பி அனுப்புவாள். மாப்பிள்ளை, "மாமா பெரிய பண்ணையார் ஆயிட்டாரு," என்று சிரிக்கிற முகம் போடுவான். புரிந்துகொண்டார்கள் என்று சிவநேசன் திருப்தியாகத் தலையை ஆட்டிக்கொள்வார். வேறு எதற்கு ஒரு மனுஷன் வெடக்கோழியைப் படம் எடுத்துப் பிள்ளைத்தாய்ச்சிக்கு அனுப்புவான்?

ஒருநாள் ஜுபைதா வேலியோரம் நின்று நேராகவே கேட்டாள். "அண்ணே, மாதவியை வாய்விட்டுக் கூப்ட்டீங்களா?"

"பெத்த வீட்டுக்கு வர்றதுக்கு இன்விட்டேஷன் அடிக்கணுமா? வளகாப்பு முடிஞ்சா வரப்போவுது. அதானே முறை."

"முறைதான். ஆனா கூப்புட்ற வேலை அம்மாவோடது. அண்ணி இல்லியே. நீங்கதான் கூப்புடணும்."

"பொம்பள விஷயம், நான் போயி எப்படிலா பேசறது?" என்று முணுமுணுத்துவிட்டு உள்ளே போய்விட்டார். ஜுபைதா தலையில் அடித்துக்கொண்டு காரை எடுத்தாள்.

வளைகாப்பு பிரிக்பீல்ட்ஸில் ஒரு மண்டபத்தில் நடந்தது. எல்லாம் மாப்பிள்ளை வீட்டார் ஏற்பாடு. சம்பந்தியம்மாள் பட்டுப்புடவை சரசரக்க எல்லோரையும் அன்பாகத்தான் கவனித்தார், குறை சொல்ல ஒன்றுமில்லை. மாதவி பச்சைப் பட்டில், இரண்டு கை நிறையக் கண்ணாடி வளையல்களோடு நடு நாற்காலியில் உட்கார்ந்திருந்தாள். கண்ணில் தாமரையின் ஜாடை. ஜோடி ஜோடியாகப் போய்ச் சந்தனம் பூசினார்கள். சிவநேசன் மேடைப்பக்கம் போகவில்லை. மனைவி இல்லாத ஆள், நல்ல காரியத்தில் முன்னால் போய் நிற்பானேன் என்று தானாகவே ஒரு சட்டம் போட்டுக்கொண்டு, கடைசி வரிசையில் சாப்பாட்டு மேசைக்குப் பக்கத்தில் நின்றார். யாரும் அவரை நிறுத்திவைக்கவில்லை. மாதவி கூட்டத்துக்கு மேலே இரண்டு மூன்று முறை எட்டி எட்டி அவரைத் தேடினாள். இவர் ஒவ்வொரு முறையும் தலையை ஆட்டினார், நான் இங்கேதான் இருக்கிறேன் என்பதுபோல.

சாப்பாடு முடிந்ததும் அவர் ஒரு காரியம் செய்தார் பாருங்கள், இப்போது நினைத்தாலும் எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வருகிறது. யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லாமல் நேரே கார் நிறுத்துமிடத்துக்குப் போனார். பின்சீட்டில் புதிதாக வாங்கிய தலையணையைத் தட்டி வைத்தார். முன்சீட்டைத் தள்ளிக் கால் நீட்ட இடம் பண்ணினார். எஞ்சினைப் போட்டு ஏர்கானை ஓடவிட்டார். வளைகாப்பு முடிந்தால் பெண் பெற்றவர்களோடு கிளம்புவதுதானே வழக்கம்? அவள் வருவாள் என்று காத்துக்கொண்டிருந்தார்.

மாதவி வந்தாள். கிஷன் கையைப் பிடித்துக்கொண்டு மெதுவாகப் படி இறங்கி வந்தாள். சிவநேசன் காரிலிருந்து இறங்கிப் பின்கதவைத் திறக்கக் கையை வைத்தார். மாதவி நின்று அவரைப் பார்த்தாள். கொஞ்ச நேரம் பார்த்தாள். அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள்.

"கெளம்பிட்டீங்களாப்பா?"

"ம்."

"பெடரல் ஹைவே ஜாமா இருக்கும். பாத்து ஓட்டுங்க."

"ம்," என்றார் மறுபடியும்.

கிஷன் கார் முன்னால் போயிற்று. வளையல் கை ஒன்று கண்ணாடிக்கு வெளியே ஆடியது. இவர் தலையணையோடு மேருவுக்கு ஓட்டி வந்தார். வேலை இருக்கும், இன்னும் லீவு கிடைத்திருக்காது, நாள் நெருங்கும்போது வருவாள் என்று வழிநெடுகத் தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். வந்ததும் கோழிகளிடமும் அதையே சொன்னார்.

நாள் நெருங்கியது, தாண்டியும் போயிற்று. பேத்தி பிறந்தாள். ஆஸ்பத்திரிக்கு ஓடினார். பஞ்சுப்பொதி மாதிரி இருந்ததைக் கையில் வாங்கி, மூச்சுவிடக்கூடப் பயந்து நின்றார். அப்போதுதான் மாதவி சொன்னாள்: "அப்பா, நாளைக்கு டிஸ்சார்ஜ். பி.ஜே.ல கன்பைன்மென்ட் சென்டர் புக் பண்ணியிருக்கோம். ஒரு மாசம் அங்க எல்லாம் அவங்களே பாத்துப்பாங்க. சாப்பாடு, குளிக்கிறது, பேபி எல்லாம்."

பெயின்ட் அடித்த அறை, ஹீட்டர், மாரியாயி அக்கா, ஆறு கோழிகள், எல்லாம் சிவநேசனுக்குத் தொண்டை வரைக்கும் வந்தன. வாய் திறந்தது. வந்த சொல்: "நல்லது."

நல்லதாம்!

வீட்டுக்கு வந்தும் மனது ஆறவில்லை. சென்டரில் இருந்தால் என்ன, சாப்பிடுவது பெண்தானே, கொண்டுபோய்க் கொடுத்தால் ஆயிற்று. ஞாயிற்றுக்கிழமை இரண்டு பெட்டைகளைப் பிடித்து அட்டைப்பெட்டியில் வைத்தார். கையில் பிடித்ததும் ஒன்று பயமே இல்லாமல் அவர் முழங்கையில் தலையைச் சாய்த்தது. பேசிப் பேசி வளர்த்த கோழி, பயப்படுமா? பாசாரில் கொடுத்துவிட்டு, அறுக்கிற பக்கம் திரும்பாமல் நின்றார்.

சமைப்பதற்கு மாரியாயி அக்காவுக்குப் போன் போட்டார். அக்கா சொல்லச் சொல்ல, போனைத் தோளில் இடுக்கிக்கொண்டு, நல்லெண்ணெயில் முழுப்பூண்டை வதக்கினார். மிளகு, சீரகம், மஞ்சள். மிளகாய் கிடையாது, புளி கிடையாது. "உப்பை அள்ளிக் கொட்டிடாதப்பா, பச்ச உடம்பு," என்று அக்கா இரண்டு தடவை சொன்னார். வீடு முழுக்கப் பூண்டு மணம். அடுப்படியில் அந்த மணம் வந்து எத்தனையோ காலமாகியிருந்தது. சோற்றையும் குழம்பையும் கேரியரில் அடைத்து, துண்டு சுற்றி, பி.ஜே.வுக்குக் கொண்டுபோனார்.

சென்டர் பெரிய ஹோட்டல் கணக்காகக் குளுகுளு என்று இருந்தது. முன்மேசைப் பெண் மரியாதையாகத்தான் சொன்னாள்: "சாரி அங்கிள், வெளிச் சாப்பாடு கேனாட். மதர்ஸ் எல்லாருக்கும் மெனு இருக்கு." இவர் வாதாடவில்லை. கிடங்கில் சிங்கமாகக் கர்ஜிக்கிறவர், கேரியரை மடியில் வைத்துக்கொண்டு பார்வையாளர் சோபாவில் குறுகி உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் மாதவி தளர்ந்த நடையில் இறங்கி வந்தாள். துண்டுக்குள்ளிருந்து மணம் அவளை எட்டியிருக்க வேண்டும்.

"என்னப்பா அது?"

"கோழி."

"உங்க கோழியா?" அவள் திடுக்கிட்டாள். "ஐயோ, அதை ஏன்பா அறுத்தீங்க? எவ்வளோ ஆசையா வளர்த்தீங்க. உங்களுக்கு அதுங்கதானே தொணைன்னு நான் கிஷன்கிட்டகூட சொல்லுவேன்."

"உனக்குத்தாம்மா வளர்த்தேன்."

"எனக்கா?"

"பத்தியத்துக்கு. நீ வீட்டுக்கு வருவேன்னு. கீழ் ரூமுக்குப் பெயின்ட் அடிச்சு, ஹீட்டர் போட்டு..." துண்டின் முடிச்சை இழுத்துக்கொண்டிருந்தார்.

மாதவி சோபாவில் மெல்ல உட்கார்ந்தாள். "அப்பா, வளகாப்பு அன்னிக்கு நான் பேக் கட்டி வச்சிருந்தேன். கிஷன் கார் பூட்டுல இருந்துச்சு. நீங்க வந்து சந்தனம் பூசி, 'வாம்மா போலாம்'னு ஒரு வார்த்தை சொல்லுவீங்கன்னு பாத்துக்கிட்டே இருந்தேன். நீங்க பின்னாலயே நின்னீங்க. கார்கிட்டகூட ஒண்ணும் சொல்லல. சரி, அம்மா இல்லாம அப்பாவுக்குப் பாரமா இருக்கும், சொல்லத் தயங்குறாருன்னு நெனச்சேன். வீட்டுக்குப் போயி அந்த பேக்கைப் பிரிச்சு அடுக்குறப்ப அழுதேம்பா. அதுக்கு அப்புறம்தான் இங்க புக் பண்ணோம்."

அவள் வர இருந்தாள். துணிமணி எடுத்து வைத்துக்கொண்டு, கிஷன் கார் பூட்டில் ஏற்றிக்கொண்டு வர இருந்தாள். இவர் கதவுப்பிடியில் கையை வைத்துக்கொண்டு நின்றார், அவ்வளவுதான்.

"இப்ப வாம்மா," என்றார். குரல் பெரிதாக வந்துவிட்டது, முன்மேசைப் பெண் நிமிர்ந்து பார்த்தாள். "வீட்டுக்கு வா. நான் பாத்துக்குறேன். புள்ளையைத் தூக்கிக்கிட்டு வா."

மாதவி அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "இப்ப எப்படிப்பா? இங்க ஒரு மாசம். முடிஞ்சதும் அத்தை வீட்ல பேர் வைக்கிற விசேஷம். அப்புறம் பேபி கேர், எனக்கு வேலை. எல்லாம் பேசி முடிச்சாச்சேப்பா." கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "ஒருநாள் கண்டிப்பா வந்துட்டுப் போறோம்."

வந்துட்டுப் போறோம். விருந்தாளி சொல்கிற வார்த்தை. மேலேயிருந்து குழந்தை அழுகிறதென்று தாதி வந்து கூப்பிட்டாள். மாதவி எழுந்து லிப்டுக்குள் போனாள். சிவநேசன் கேரியரைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்தார்.

வீடு வந்தபோது வெளிச்சம் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை கடை லீவு என்பதால் ஜுபைதா வேலியோரம் காய்ந்த துணி எடுத்துக்கொண்டிருந்தாள். "என்னாண்ணே, மாதவி சாப்ட்டுச்சா?"

"கூப்புடலல்ல நான்," என்றார் சிவநேசன். "கூப்ட்டா வந்திருக்குமாம்."

ஜுபைதா துணியைக் கொடியிலேயே விட்டுவிட்டு வந்து அவருக்குக் கேட்டைத் திறந்துவிட்டாள்.

அவர் கீழ் அறைக்குப் போய்க் கட்டிலில் உட்கார்ந்தார். மெத்தையின் பிளாஸ்டிக் உறை இன்னும் பிரிக்கப்படவில்லை. கேரியரைத் திறந்து, குழம்பைச் சோற்றில் ஊற்றிப் பிசைந்தார். பிள்ளை பெற்றவளுக்கென்று, காரமில்லாமல், உப்பு குறைத்து, எலும்பு கரையக் கரைய வேகவைத்தது. பேசத் தெரியாத ஓர் ஆண்பிள்ளை அதைத் தனியாக உட்கார்ந்து கடைசிப் பருக்கை வரைக்கும் தின்றார். நன்றாக இருந்தது. மாதவி ஆசை ஆசையாகச் சாப்பிட்டிருப்பாள். அதுதான் அவருக்குத் தாங்கவில்லை.